ஓக் மரத்தடியில் ஒரு சங்கிலிக் கூடை

போர்ட்லாண்டிலிருந்து தெற்கே ஐ-5 நெடுஞ்சாலையில் வந்து 278ஆம் எண் வெளிவழியில் மேற்கே திரும்பியதும் லாரிகளின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. இருபுறமும் ஹேசல்நட் தோப்புகள். அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட் ஏறக்குறைய மொத்தமும் இந்த ஓரிகன் மாநிலத்திலிருந்துதான் போகிறது. உதிரும் கொட்டைகளை இயந்திரம் தரையிலிருந்தே வாரி எடுக்க வேண்டும் என்பதால் மரத்தடியில் ஒரு புல் பூண்டு விடாமல் சமன் செய்து வைத்திருக்கிறார்கள். தோப்புகளுக்கு நடுவே உயரமான கம்பங்களில் கம்பி இழுத்து ஏற்றிவிட்ட ஹாப்ஸ் கொடிகள். அப்புறம் மரங்கள் அடர்ந்து, சாலை வில்லாமெட் ஆற்றை நோக்கிச் சரியும் இடத்தில் ஷாம்பூயி பூங்கா வருகிறது. மாநில அரசின் பூங்கா. கூடாரம் அடித்துத் தங்கலாம். மரக்குடில்களும் யர்ட் எனப்படும் வட்டக் கூடாரங்களும் உண்டு. கோடை வாரக்கடைசிகளுக்கு ஆறு மாதம் முன்பாகவே இடம்பிடிக்கப் போட்டி.

அக்காவின் மகள் ஹில்ஸ்பரோவில் சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்ப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஜூலை வந்துவிட்டால் வாரக்கடைசிகளில் ஆளாளுக்குக் கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் ஆற்றங்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் காரில் புளியோதரை, தயிர், மடக்கு நாற்காலிகள், கம்பளிகள். இவற்றுக்கு மேல் அக்காவின் பேரன் தன் மடியைவிட்டு இறக்காத ஒரு பை. உள்ளே வண்ண வண்ணத் தட்டுகள்.

"அம்மாச்சி, இது சாப்பாட்டுத் தட்டு இல்ல. டிஸ்க். ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி பறக்கும்" என்று வழியெல்லாம் அக்காவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

ஷாம்பூயியில் கூடாரங்கள் நிற்கும் பகுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பதினெட்டுக் கூடைகள் கொண்ட டிஸ்க் கோல்ஃப் திடல் இருக்கிறது. திடல் என்று சொல்வது பழக்கத்தால்தான். வேலி கிடையாது, வாசல் கிடையாது, வெட்டிச் சீவிய புல்தரை கிடையாது. ஓக் மரங்களும் இடையிடையே ஊசியிலை மரங்களும் நிற்கிற வெளியில், ஆங்காங்கே ஓர் இரும்புத் தண்டு நட்டிருக்கிறார்கள். தண்டின் நடுவில் கம்பிக் கூடை. உச்சியில் ஒரு வளையம். வளையத்திலிருந்து கூடைக்குள் இறங்கும் சங்கிலிகள். எறிந்த தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கூடைக்குள் விழ வேண்டும். கோல்ஃபில் குழிக்கு என்ன இடமோ அதுதான் இங்கே கூடைக்கு. முதல் எறியைத் தொடங்கும் இடத்துக்கு டீ என்று பெயர். தட்டு எங்கே போய் விழுந்ததோ அங்கே நடந்து போய், அங்கிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் பதினெட்டையும் முடிப்பவர் வென்றவர். கூடையிலிருந்து யார் அதிகத் தொலைவில் இருக்கிறாரோ அவர் முதலில் எறிய வேண்டும். போன கூடையைக் குறைந்த எறியில் முடித்தவருக்கு அடுத்த டீயில் முதல் மரியாதை. அன்றைக்கு ஆட இவ்வளவு தெரிந்தால் போதுமாயிருந்தது.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். கூடையிலிருந்து பத்து மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால், எறிந்த வேகத்தில் முன்னால் பாய்ந்துவிடக் கூடாது. எறிந்தபின் உடல் நிலைகொண்டு நிற்பதைக் காட்டிய பிறகே தட்டு கிடந்த இடத்தைத் தாண்டலாம். அறுபதைக் கடந்து முழங்கால் வலியோடு இருக்கும் அக்காவுக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது. ஓடுகிறவரையும் நின்று நிதானிக்கச் சொல்கிற விளையாட்டு எத்தனை இருக்கிறது?

முதல் டீயில் அக்கா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"அம்மா, கைய ரொம்ப வீசாத. நெஞ்ச ஒட்டி நேரா இழு. கடைசில மணிக்கட்டு தானா விட்டுரும்."

"வேகமா எறிய வேணாமா?"

"வேணாம். வேகம் இருந்தா இந்தத் தட்டு உன் பேச்சக் கேக்காது."

தட்டு கிளம்பியது. நேராகப் போவதாகத் தோன்றி, வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சரிந்து, ஓர் ஓக் மரத்துக்கு இப்பால் புல்லில் இறங்கியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் இந்தப் பக்கமா வளையுது?" என்றாள். அவள் கேட்டது நல்ல கேள்வி. இந்த ஆட்டத்தின் கல்வி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

வலக்கையால் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறியும்போது தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகாரமுள் போகும் திசையில் சுழல்கிறது. வேகம் தணியும்போது காற்று அதைத் தூக்கும் விசை மையத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதாவது தட்டின் மூக்கை மேலே நிமிர்த்தப் பார்க்கிறது. தட்டு சுழலாமல் இருந்தால் மூக்கு நிமிர்ந்து, கவிழ்ந்து, விழுந்துவிடும். சுழல்வதால் அப்படி நடப்பதில்லை. சாய்ந்த பம்பரம் சாய்ந்த பக்கமே விழாமல் தலையைச் சுற்றிக் கொண்டுபோகுமே, அந்த நியாயம்தான்: தள்ளிய திசையில் அசையாமல் அதற்குக் குறுக்கான திசையில் அசைகிறது. மூக்கை நிமிர்த்தும் தள்ளல் இடப்பக்கச் சாய்வாக மாறிவிடுகிறது. மிக வேகமாகப் போகும்போது விசை மையத்துக்குப் பின்னால் நகர்ந்து, சாய்வு வலப்பக்கமாகத் திரும்பும். தேர்ந்த ஆட்டக்காரர் எறியும் தட்டு முதலில் வலம் ஒதுங்கி, பிறகு இடம் திரும்பி, நீண்ட வளைவுக்கோடு வரைந்து போவது இதனால்தான்.

ஒவ்வொரு தட்டின் முகத்திலும் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பதைப் பேரன் காட்டினான். முதல் எண் வேகம். இரண்டாவது மிதப்பு, அதாவது எவ்வளவு நேரம் காற்றில் தங்கும் என்பது. மூன்றாவது வலப்பக்க ஒதுக்கம், நான்காவது கடைசியில் இடப்பக்கம் சரியும் அளவு. அவன் அக்காவுக்குக் கொடுத்தது ஏவியர் என்ற பட்டர், அதாவது கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான தட்டு. அதில் 2, 3, 0, 1. அவன் கையில் இருந்த லெபர்ட் என்ற தட்டில் 6, 5, -2, 1. அக்காவின் மருமகனான அவன் அப்பாவின் பையில் இருந்த டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. இந்தப் பன்னிரண்டு என்பது பெருமைக்குரிய எண் அல்ல. அந்தத் தட்டை அதற்குரிய வேகத்தில் எறிந்தால்தான் அது நேராகப் போகும்; மெதுவாக எறிந்தால் கிளம்பியதும் இடப்பக்கம் கவிழும். கடைக்குப் போய் "தூரம் போகிற தட்டு" என்று கேட்டு வாங்கி வருகிற புதியவர்கள் மனம் சோர்ந்துபோவது இதனால்தான் என்று மருமகன் சொன்னார். தொடங்குகிறவர்களுக்கு ஒரு பட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், இரண்டே போதும். எடை குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. என் அனுபவத்திலும் பட்டர் ஒன்றை வைத்துக்கொண்டே பதினெட்டுக் கூடைகளையும் நிறைவாக ஆட முடிகிறது. ஏனென்றால் இந்த மாதிரித் திடல்களில் ஆற்றலைவிட இடம் பார்த்து விடுவதற்குத்தான் மதிப்பு.

அடுத்தடுத்த டீக்களில் அக்கா கூடைக்கு வலப்புறமாகக் குறிவைக்கத் தொடங்கினாள். தட்டு வளைந்து கூடையை நெருங்கியது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

நேர்வழியை ஒரு மரம் மறித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு கூடையைப் பார்த்தோம். சாதாரண கோல்ஃப் திடலாக இருந்தால் அந்த மரத்தை வெட்டியிருப்பார்கள், அல்லது மண்ணை நிரவி வேறு பாதை போட்டிருப்பார்கள். தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, தினமும் வெட்டி வளர்க்கிற புல் வேண்டும் அதற்கு. டிஸ்க் கோல்ஃபில் மரம்தான் ஆட்டம். மரத்துக்கு வலமா, இடமா, தாழ்ந்த கிளைக்குக் கீழேயா என்று நின்று யோசிப்பதுதான் சுகம். மண் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொண்டு அதன்மேல் பதினெட்டுத் தண்டுகளை மட்டும் நட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற இந்த அடக்கம் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுகிறது. பூங்கா நிர்வாகத்துக்குச் செலவு குறைவு. ஆடுகிறவருக்குத் தனிக் கட்டணம் இல்லை. உலகெங்கும் பெரும்பாலான டிஸ்க் கோல்ஃப் திடல்கள் இலவசமானவை.

ஆனால் "மண் இருக்கிறபடியே" என்று நான் எழுதுவதில் ஒரு திருத்தம் வேண்டும். ஓக் மரங்களுக்கிடையே தட்டு பறக்க வாகான இந்த அகன்ற வெளி தானாக வந்ததல்ல. வில்லாமெட் பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களின் மண். அவர்கள் இலையுதிர்காலம்தோறும் புல்வெளிக்குத் தீ வைத்தார்கள். தீயில் புதரும் ஊசியிலைக் கன்றுகளும் கருகும். தடித்த பட்டை கொண்ட வெள்ளை ஓக் தப்பித்து நிற்கும். அடுத்த வசந்தத்தில் நீலப் பூப்பூக்கும் காமாஸ் கிழங்கு செழித்து வரும், மான்கள் மேய வரும். கிழங்கை மண் அடுப்பில் புதைத்து வேகவைத்தார்கள். ஓக் கொட்டையின் துவர்ப்பை நீக்கி உண்டார்கள். 1830களில் வந்த மலேரியா அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோனது. எஞ்சியவர்களை 1850களில் கிராண்ட் ரோண்ட் முதலிய ஒதுக்கிடங்களுக்குப் பெயர்த்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் கிராண்ட் ரோண்ட், சிலெட்ஸ் பழங்குடி அமைப்புகளில் இருக்கிறார்கள். தீ நின்ற இடங்களில் டக்ளஸ் ஃபர் மரங்கள் ஓக்கை மீறி வளர்ந்து நிழலில் அமுக்கிவிட்டன; எஞ்சியதைப் பெரும்பாலும் உழவு எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கில் அந்தக் காலத்து ஓக் வெளிகளில் மிகச் சிறு பங்குதான் மிச்சம். நாங்கள் தட்டு எறிந்து நடந்த இடைவெளிகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள் கூட்டம் வைத்த கவனமான நெருப்பு இருக்கிறது. இதை அறிந்தபின் மரங்களுக்கிடையே நடக்கிற நடை வேறாகிவிடுகிறது.

அதே ஆற்றங்கரையில்தான் ஓரிகனின் அரசும் பிறந்தது. ஹட்சன் பே கம்பெனியில் தோல் வணிகம் செய்து ஓய்ந்த பிரெஞ்சு-கனடியர்கள் இங்கே கோதுமை விளைவித்துக் குடியிருந்தார்கள். 1843 மே 2ஆம் தேதி அவர்களும் அமெரிக்கக் குடியேறிகளும் ஒரு வயலில் கூடி, தங்களுக்கென ஓர் அரசு அமைக்கலாமா என்று இருபக்கமாகப் பிரிந்து நின்றார்கள். வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு 52க்கு 50. அந்த 52 பேரின் பெயர் பொறித்த கல்லை 1901இல் நட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த பிரான்சுவா மத்தியூ என்ற முதியவர்தான் இடத்தைக் காட்டினார். அப்புறம் இங்கே ஒரு ஊரே வளர்ந்தது. 1861 டிசம்பரில் வில்லாமெட் பெருக்கெடுத்து வந்து அந்த ஊரை வாரிக்கொண்டு போனது. தெருக்கள் இருந்த இடத்தில் இன்று புல்வெளி. ஊர் மீண்டும் முளைக்காமல் போனதால்தான் இவ்வளவு பெரிய நிலம் பொதுப் பூங்காவாகத் தங்கியது.

கூடை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டெறிந்து விளையாடுவது பழைய பழக்கம்தான். பிரெட் மாரிசன் என்ற கலிபோர்னியாக்காரர் இளைஞராக இருந்தபோது சான்டா மோனிகா கடற்கரையில் கேக் தட்டு ஒன்றை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்த ஒருவர் ஐந்து சென்ட் விலையுள்ள அதற்கு இருபத்தைந்து சென்ட் தருவதாகச் சொன்னார். அந்தக் கணக்கிலிருந்து அவர் பிளாஸ்டிக் தட்டுக்கு வந்து சேர்ந்தார். 1957இல் வாம்-ஓ நிறுவனம் அதை வாங்கியது. அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக், தட்டின் மேற்பரப்பில் வரிவரியான மேடுகள் வைத்து அதன் பறப்பை நிலைப்படுத்தி 1967இல் காப்புரிமை பெற்றார். அப்போதெல்லாம் மரத்தையோ கம்பத்தையோ இலக்காக வைத்து எறிவார்கள். பட்டதா படவில்லையா என்று சண்டை வரும். சங்கிலி தொங்கும் கூடையைச் செய்து அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவரும் ஹெட்ரிக்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜ் ஊரில், விண்கலங்கள் செய்யும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்கு அடுத்தாற்போல இருக்கும், அப்போது ஓக் குரோவ் என்று அழைக்கப்பட்ட பூங்காவில் 1975இல் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அடுத்த ஆண்டு ஆட்டக்காரர்களுக்கான தொழில்முறைச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் எண் 1 அவர். இன்று அந்த எண்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 1983இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய தட்டை வடிவமைத்த பிறகு எறியும் தூரம் ஒரேயடியாகக் கூடியது.

ஹெட்ரிக் 2002இல் இறந்தார். அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். மருமகன் இதைச் சொன்னபோது அக்கா கையிலிருந்த தட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ஆத்துல கரைக்கிறதுக்குப் பதிலா காத்துல விட்ருக்காங்க" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் வந்த இரு இளைஞர்கள் வேகமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். இதுவும் திடலின் பண்பாடு. கூட்டமாக, மெதுவாக ஆடுகிறவர்கள் வேகமானவர்களை முன்னே போகச் சொல்ல வேண்டும். போகும்போது அவர்களில் ஒருவர் அக்காவின் எறியைப் பார்த்து நின்று கைதட்டினார். அது உபசாரம் அல்ல. தட்டு அப்போது சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்திருந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி மறுபடி ஆடலாம். பேரன் ஓடிப்போய் அம்மாச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பதினோரு வயதுப் பையனும் அவன் தாயும் பாட்டியும் ஒரே விதியில், ஒரே தூரத்தில், யாருக்காகவும் யாரும் விட்டுக்கொடுக்காமல் ஆடக்கூடிய ஆட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். கேரம் போர்டு உண்டு, தாயம் உண்டு. இரண்டும் உட்கார்ந்து ஆடுபவை. நடந்துகொண்டே ஆடுவதற்கு இது.

கூடாரப் பூங்காவில் திடல் இருப்பதன் அருமையும் இதில்தான். ஊருக்குள் இருக்கும் திடலுக்கு ஆட்டம் தெரிந்தவர்கள் ஆடுவதற்கென்றே வருகிறார்கள். தெரியாதவர் கூச்சத்தோடு விலகிப்போவார். இங்கே எல்லாரும் வேறெதற்கோ வந்தவர்கள். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடப்பவர்கள் கண்ணில் கூடை படுகிறது. பக்கத்துக் கூடாரக்காரர் ஒரு தட்டை நீட்டுகிறார். ஜூலையில் இங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வேறென்ன வேண்டும்?

ஒரு கவலை உண்டு. எறியும் தட்டு மரப்பட்டையில் மீண்டும் மீண்டும் பட்டு அதைக் காயப்படுத்தும்; கூடையைச் சுற்றி ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குள் நீரும் காற்றும் போகாது. முதிய ஓக்குக்கு இது கேடு. மரச்சிராய் பரப்புவது, கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றுவது, மெல்லிய மரங்களுக்குக் காப்பு கட்டுவது எல்லாம் இதற்கான வழிகள். அடக்கமான ஆட்டம் என்று புகழ்ந்தேன். அந்தப் புகழுக்குத் தகுதியாக இருக்க, திடலைப் பராமரிப்பவர்களும் ஆடுகிறவர்களும் இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கிளையில் சிக்கிய தட்டை எடுக்கக் கிளையை முறிப்பவரைக் கண்டால் தடுக்கவும் வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். புதரோரம் தட்டு போய்விட்டால் கையை உள்ளே விடுமுன் இலையைப் பாருங்கள். மூன்று மூன்றாக, ஓக் இலை வடிவில் பளபளக்கும் செடி பாய்சன் ஓக். மா, முந்திரி, நம் சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிக் கொப்பளிக்குமோ அப்படிக் கொப்பளிக்கும். முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் நல்லது. வெள்ளைத் தட்டு வேண்டாம். காய்ந்த புல்லில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கண்ணில் படும். எறியுமுன் எதிரே யாரும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். தவறி ஆள் பக்கம் போனால் "ஃபோர்" என்று கத்த வேண்டும். நவம்பர் முதல் மழைக்காலம். தரை சேறாகும், டீயில் கால் வழுக்கும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழை குறைவு.

இரவு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கையில் மருமகன் அடுத்த பயணத்துக்கு மைலோ மக்ஐவர் பூங்காவைச் சொன்னார். கிளாக்கமஸ் ஆற்றங்கரையில் எஸ்டகாடா ஊருக்குப் பக்கம். 1970இல் போர்ட்லாண்டில் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களும் முன்னாள் படைவீரர்களும் மோதிக்கொள்வார்கள் என்று அஞ்சி, ஆளுநர் டாம் மக்கால் இளைஞர்களை ஈர்க்க ஒரு இலவச இசைவிழாவுக்கு இடம் கொடுத்த பூங்கா அது. இப்போது அங்கே தொழில்முறைப் போட்டிகள் நடக்கிற பெரிய டிஸ்க் கோல்ஃப் திடல் இருக்கிறது.

"அங்க கூடையெல்லாம் ரொம்ப தூரமா இருக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"இதவிடத் தூரம்தான் அத்தை. காடும் ஜாஸ்தி. நம்ம எறிய எண்ணாம, மெதுவா நடந்து ஆடலாம்."

"எண்ணாம என்ன ஆட்டம்? எண்ணியே ஆடுவோம்" என்றாள் அக்கா. பிறகு பேரனிடம் திரும்பி, அந்த நான்கு எண்களில் மூன்றாவது எதற்கு என்று மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.